கழுவாயும் கருணையும்: மாபாதகந் தீர்த்த படல ஆராய்ச்சி

பெருங்குற்றம் புரிந்தான் ஒருவன் திருந்துதல் கூடுமோ, கூடுமாயின் அவன் குற்றம் பொறுக்கப்படுதற்கு உரியதோ என்னும் வினா நீதி நூலார்க்கும் சமய நூலார்க்கும் பொதுவாயது. சைவ சித்தாந்திகளாகிய நமக்கு இவ்வினா இருபுறமும் கூரிய வாளாக நிற்கின்றது. செய்த வினையின் பயனைச் செய்தவனே துய்த்தல் வேண்டும் என்பது நம் கொள்கை. ஆயின் மன்னித்தல் என்பதற்கு இடம் யாது? இறைவன் அருளே வடிவானவன் என்பதும் நம் கொள்கை. ஆயின் வினைக்கு அஞ்சுதல் எற்றுக்கு? இவ்விரு கொள்கைகளும் ஒன்றையொன்று அழியாமல் நிற்குமாறு யாங்ஙனம் என்பதை ஆராய்தற்குப் பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் 26ஆவது படலமாகிய மாபாதகந் தீர்த்த படலத்தினும் ஏற்ற இடம் பிறிதில்லை. தந்தையைக் கொன்று தாயைக் கூடிய ஒருவனுக்கு இறைவன் உய்யும் வழி காட்டியதை அது கூறுகின்றது.

இப்படலத்தைக் குறித்து எழும் தடைகள் இருவகைய. புறத்தார், "எத்துணைக் கொடுமையும் செய்துவிட்டு ஒரு குளத்தில் மூழ்கினால் போதும் என்று கற்பிக்கும் கதை இது, இஃது அறத்தின் வேரை அறுப்பது" என்பர். அகத்தாராகிய சைவருட் சிலரோ, அவையில் இப்படலத்தை வாசித்தற்குக் கூசி, "பொற்றாமரைத் தீர்த்தத்தின் பெருமையை மிகுத்துக் கூறுதற் பொருட்டே இங்ஙனம் கூறப்பட்டது, இதன் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டுவதில்லை" என்று கடந்து போவர். முன்னையோர் வெறுப்பாலும் பின்னையோர் நாணத்தாலும் ஒரு முடிபிலேயே வந்து கூடுகின்றனர். அஃதாவது, இப்படலம் ஒழுக்க நூலாகக் கருதிப் பயிலத்தக்கதன்று என்பதாம். இம்முடிபு நூலைத் தனித்தனித் துண்டுகளாக்கிப் படித்ததனால் வந்த பிழை என்பது எமது கருத்து.

திருவிளையாடற் புராணத்துள் மதுரைக் காண்டம் 18, கூடற் காண்டம் 30, திருவாலவாய்க் காண்டம் 16 ஆகப் படலங்கள் 64. கூடற் காண்டத்திலே குலோத்துங்க பாண்டியன் காலத்து நிகழ்ச்சிகளாக மூன்று படலங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. அவை பழியஞ்சின படலம், மாபாதகந் தீர்த்த படலம், அங்கம் வெட்டின படலம் என்பன. மூன்றும் குற்றத்தையும் அதற்கு நேர்ந்த முடிவையும் பற்றியனவே. இவ்வைப்பு முறை வடமொழி ஆலாசிய மாகாத்மியத்தைத் தழுவியது ஆகலின் தமிழ்ப் புலவர் தாமே அமைத்ததன்று எனின், அமைத்தவர் யாவராயினும் நம் கையில் உள்ள நூல் இவற்றை அடுத்தே வைத்துக் காட்டுகின்றது. அவ்வடைவிலேயே அவற்றை நோக்குதல் நம் கடன் என்க.

முதலாவது கதை இது. திருப்பத்தூரினின்றும் மதுரைக்கு வந்த அந்தணன் ஒருவன், வழியில் நீர்வேட்கையுற்ற மனைவியை ஓர் ஆலமர நிழலில் இருத்தி நீர் கொணரச் சென்றான். முன்னொரு நாள் எய்யப்பட்டு அம்மரத்திற் சிக்கிக் கிடந்த அம்பு காற்றால் அசைந்து வீழ்ந்து அவள் உயிரைக் கவர்ந்தது. அம்மரத்தின் மற்றொரு புறத்தில் இளைப்பாற வந்து நின்றான் ஒரு வேடன். திரும்பி வந்த அந்தணன் அவனே கொலைஞன் என்று பற்றி அரண்மனை வாயிலிற் கொண்டு நிறுத்தினான். வில்லும் அம்பும் வேடன் கையில். பிணமோ அந்தணன் தோளில். இதனினும் தெளிந்த சான்று வேண்டுவார் யார்? ஆயினும் பாண்டியன் ஐயுற்றான். தண்டத்தை நிறுத்தி வைத்து இறைவனிடம் முறையிட்டான். இறைவன் அருளியவாறு அந்தணனோடு ஒரு மணவீட்டிற்குச் சென்று, கண்ணுக்குப் புலனாகாத காலதூதர் இருவர் உரையாடலைக் கேட்டு உண்மை தெளிந்தான். வேடனை விடுவித்து, அவனை வருத்தியதற்குப் பொறை வேண்டினான்.

குற்றம் பொறுத்தலைப் பற்றிய கதைக்கு முன்னர்க் குற்றமே இல்லாதான் ஒருவன் கதை வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. இன்னார் செய்தார் என்பது ஐயந்திரிபறத் தெளியப்படாத இடத்தில் தண்டமும் பொருளற்றது, மன்னிப்பும் பொருளற்றது. செய்யாதவனை மன்னிப்பதும் ஒருவகைப் பழியே. இங்கே பொறை வேண்டியவன் அரசன், அளித்தவன் வேடன் என்பதையும் உளங்கொள்க.

இரண்டாவது கதையின் களம் அவந்தி நகரம். அங்கிருந்த அந்தணன் ஒருவன் மகன் தாயை விரும்பிக் கூடினான். அஃதறிந்த தந்தையைக் கொன்றான். தாயோடும் பொருளோடும் ஊரை விட்டு அகன்றான். வழியில் வேடர் தாயையும் பொருளையும் கவர்ந்துகொண்டனர். தனியனாய் நின்ற அவனைப் பிரமக்கொலைப் பழி உருவெடுத்துத் தொடர்ந்தது. பல இடங்களிலும் அலைந்து தீராதவனாய் மதுரையை அடைந்தான். அங்கே சோமசுந்தரக் கடவுளும் உமையம்மையும் வேட்டுவக் கோலங்கொண்டு அவன்முன் தோன்றினர். வருத்தத்தின் காரணத்தை இறைவன் வினவ, அவன் தன் பாதகத்தைச் சொன்னான். பிற எவ்வாற்றானும் தீராத அப்பழிக்கு இறைவன் கழுவாய் வகுத்தான்: இரந்துண்ணல், சிவனடியார்க்குப் பணிபுரிதல், பசுவிற்கு அறுகம்புல் ஊட்டல், பொற்றாமரையில் நாள்தோறும் மூழ்குதல், திருக்கோயிலை 108 முறை அங்கப் பிரதட்சிணம் செய்தல் என்பன. அவன் அவ்வாறே ஒழுகித் தூயன் ஆயினான்.

மூன்றாவது கதை மதுரையிலேயே நிகழ்ந்தது. முதுமையுற்ற வாளாசிரியன் ஒருவனிடம் பயின்ற சித்தன் என்பான் ஆசிரியனுக்கு எதிராக வேறு பயிற்சிக்களம் அமைத்து அவன் மாணாக்கரைக் கவர்ந்தான். அதனோடு அமையாது ஆசிரியன் இல்லாத பொழுதிற் சென்று அவன் மனைவியைக் கைப்பற்றி இழுத்தான். அவள் அவனைத் தள்ளிக் கதவடைத்துச் சோமசுந்தரக் கடவுளை நினைந்து முறையிட்டாள். இறைவன் அம்முதிய ஆசிரியன் வடிவங்கொண்டு அவனைப் போருக்கு அழைத்து, தீமை செய்த உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் குறித்துச் சொல்லி வெட்டி, முடிவில் தலையையும் துணித்தான்.

இவ்விரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படிப்பார்க்கு எழவேண்டிய வினா ஒன்று உண்டு. அறநூலார் மாபாதகங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுவது குருவின் மனைவியைச் சேர்தல். ஆண்டுக் குரு என்னும் சொல் தந்தையையும் உணர்த்தும் என்று உரையாளர் கூறுவர். எனவே அவந்தியான் செய்ததும் சித்தன் செய்யப் புகுந்ததும் ஓரினக் குற்றமே. அவந்தியான் அதனைச் செய்து முடித்தான், அதன்மேற் கொலையும் செய்தான். சித்தனோ முயன்றான், முற்றுவித்திலன். செய்து முடித்தவனுக்குக் கழுவாய், முயன்றவனுக்கு வாள்வெட்டு. இஃது என்னை?

தீர்த்தத்தின் பெருமையே காரணம் எனின் பொருந்தாது. அவந்தியான் நெடுந்தொலைவினின்று வந்தவன். சித்தன் மதுரையிலேயே வாழ்ந்தவன். பொற்றாமரை அவனுக்கு அணித்தாகவே இருந்தது. நீரே பழியைப் போக்குவதாயின் சித்தனுக்கு அன்றோ அஃது எளிதிற் பயன்பட்டிருத்தல் வேண்டும்? எனவே குளத்தில் மூழ்கினால் போதும் என்னும் புறத்தார் தடையை அடுத்த படலமே மறுத்துவிடுகின்றது.

நன்றி மறந்தவனுக்கு உய்வில்லை என்னும் தமிழ் மரபு காரணம் எனின், அதுவும் முற்றப் பொருந்தாது. புறநானூற்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கொடிய பாதகங்களுக்கும் கழுவாய் உண்டு என்றும், செய்ந்நன்றி கொன்றார்க்கோ அஃதில்லை என்றும் அறநூல் கூறுவதாக உரைத்தார். திருவள்ளுவரும் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை அக்கருத்தோடு முடித்தார். சித்தன் ஆசிரியனுக்கு நன்றி கொன்றவன் என்பது உண்மை. ஆயின் பெற்று வளர்த்த தந்தையைக் கொன்றவனினும் நன்றி கொன்றவன் யாவன்? அவனுக்கன்றோ ஈண்டு உய்வு கிடைத்தது. ஆகலின் குற்றத்தின் அளவோ இனமோ இரு முடிவுகளின் வேறுபாட்டிற்குக் காரணம் அன்று.

எமக்குத் தோன்றும் காரணம் இரண்டு. முதலாவது, சித்தனால் வரும் துன்பம் நிகழ்ந்து கொண்டிருப்பது. கதவின் உட்புறத்தில் ஒருத்தி நடுங்கி நிற்கின்றாள், முறையிடுகின்றாள். அந்நிலையில் இறைவன் அருள் முதற்கண் அவளுக்கே உரியது. தீங்கிழைக்கப்படுகின்றவரைக் காவாமல் தீங்கிழைக்கின்றவன் திருந்துவானோ என்று காத்திருப்பது கருணை ஆகாது. அது கொடுமைக்குத் துணைபோதலே. இரண்டாவது, அவந்தியான் தன் குற்றத்தின் பயனை உண்டவனாய் வருகின்றான். எதன்பொருட்டு அக்கொடுமைகளைச் செய்தானோ அதனையும், எடுத்துச் சென்ற பொருளையும் இழந்தான். பழி தன்னைத் தொடர்வதைத் தானே கண்டான். வினவியவழி மறையாது சொன்னான். சித்தனிடத்து இவற்றுள் ஒன்றும் இல்லை. போருக்கு அழைக்கப்பட்ட பொழுதும் அவன் தன் வலிமையையே நம்பிச் சென்றான்.

இவ்விடத்திற் கதையின் நுட்பம் ஒன்றும் கருதத்தக்கது. முன்படலத்தில் பழி சுமத்தப்பட்டவன் வேடன். இப்படலத்தில் பாதகனிடமிருந்து கவர்ந்தவர் வேடர். அவனை உய்விக்க வந்த இறைவன் கொண்டதும் வேடன் கோலம். உருவத்தைக் கண்டு ஒருவன் நிலையைத் துணிதல் ஆகாது என்பதை மூன்றிடத்தும் நூல் குறிப்பாற் கூறுகின்றது.

இனி, இறைவன் செயலை வினவுவார் நூலுள்ளேயே ஒருவர் உளர். அவர் உமையம்மையே. நரகத்துக்கு உரியனாகிய இக்கொடியோனுக்கு அருள்செய்தது என்னை என்று அம்மை கேட்கின்றாள். பற்றுக்கோடு எதுவும் இன்றி அமிழ்ந்துவானைக் காப்பதே காப்பாவது என்னும் கருத்துப்பட இறைவன் விடை கூறுகின்றான். நீதியின் குரலை உலகிற்கெல்லாம் தாயானவள் வாயில் வைத்தது பொருத்தம் மிக்கது. தாய்மைக்கு இழைக்கப்பட்ட பழியைத் தாயே எடுத்துரைத்தல் வேண்டும் அன்றோ? அவ்வினா தவறென்று மறுக்கப்படவில்லை. அவன் அத்தகையன் அல்லன் என்று இறைவன் சொல்லவும் இல்லை. கொடியன் என்பதை உடன்பட்டே காக்கின்றான். குற்றத்தைச் சிறிதாக்கிக் காட்டி மன்னிப்பது மன்னிப்பன்று என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடைக்குச் சித்தாந்தத்தில் அடிப்படை உண்டு. ஆணவ மலம் உயிருக்கு அநாதியே உள்ள மறைப்பு. ஆயினும் அஃது உயிரின் இயல்பன்று. செம்பிற் களிம்பு செம்போடு என்றும் உடனிருப்பினும் களிம்பு செம்பாகாது. குளிகையாற் களிம்பு நீங்கச் செம்பு விளங்கும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. தீமையைச் சார்ந்து தீயதாயின உயிர் நன்மையைச் சார்ந்து நல்லதாதற்குத் தடையில்லை. என்றும் மீளாத இருளுக்கே உரிய உயிர்களும் உள என்பது மத்துவாசாரியர் கொள்கை. சித்தாந்தம் அதனை உடன்படாது. மலபரிபாகம் முந்தியும் பிந்தியும் நிகழலாம். நிகழாமலே போகும் உயிர் ஒன்றில்லை. எனவே பெருங்குற்றம் புரிந்தான் திருந்துதல் கூடுமோ என்பதற்கு நம் விடை, கூடும் என்பதே. யாவர் திருந்துவர், எப்பொழுது திருந்துவர் என்பதோ மக்கள் அறிவுக்கு எட்டுவதன்று.

அற்றேல், வினையின் பயனைத் துய்த்தே தீர்த்தல் வேண்டும் என்னும் கொள்கை என்னாயிற்று எனின், கூறுதும். இறைவன் வகுத்த கழுவாயை மீண்டும் நோக்குக. அவற்றுள் ஒன்றேனும் ஒருமுறை செய்து விடத்தக்கது உண்டோ? தந்தை வீட்டில் உண்ட உடல் வீடுதோறும் இரந்துண்கின்றது. பிறரைத் தன் இச்சைக்கு ஆளாக்கினவன் அடியார்க்கு ஆளாகின்றான். உயிரைப் பறித்த கை ஒரு பசுவிற்குப் புல் நீட்டுகின்றது. காமத்தாற் செருக்கிய உடம்பு நாள்தோறும் மண்ணிற் புரள்கின்றது. இது துய்த்தல் அன்றி வேறென்னை? கழுவாய் வினையை இல்லையாக்கவில்லை. அதனைத் துய்க்கும் முறையை மாற்றிற்று. அலைந்து திரிந்த பொழுதும் அவன் துன்புற்றான். அத்துன்பம் அவனைத் துரத்திற்றேயன்றித் திருத்தவில்லை. அறிந்து உடன்பட்டு ஏற்ற துன்பமே திருத்திற்று. அருள் செய்தது இம்மாற்றத்தையே.

சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரமும் இதற்கு அரண் செய்யும். சொல்வழி நில்லாத மக்களைத் தந்தை அடித்துத் திருத்துதலை எடுத்துக்காட்டி, இறைவன் செய்யும் ஒறுப்பும் அருளே என்று அருணந்தி சிவாசாரியார் நிறுவினார். அரசனது தண்டம் பெற்றுப் பின் நன்னெறியில் நடப்பவர் நரகம் புகார் என்றும் ஆண்டே உரைத்தார். தண்டத்தின் நோக்கம் திருத்தம் என்பதும், தண்டம் பெற்றுத் திருந்தியவனிடம் மேலும் கடன் கேட்டல் தகாது என்பதும் இதனாற் போதரும். சித்தனை வெட்டியதும் இறைவனது மறக்கருணையே எனச் சைவர் கொள்வர். ஆயினும் அம்மறக்கருணை இறைவனுக்கே உரியது. அதனைத் தம் செயலுக்கு மேற்கோளாக்க மக்களுக்கு உரிமையில்லை. வெட்டப்பட்ட உயிருக்கு மேல்வரும் பிறவியை வகுக்க வல்லவன் வெட்டுவது வேறு. அது வல்லாதவன் வெட்டுவது வேறு.

மன்னிப்பவர் யார் என்னும் வினா இன்னும் எஞ்சியுள்ளது. இதனைத் தெளியாமையாற்றான் இப்பொருளைப் பற்றிய வழக்குக்கள் பெரும்பாலும் குழப்பம் அடைகின்றன. பெரிய புராணத்துள் இரண்டு இடங்கள் இதற்கு விளக்கு. திருநகரச் சிறப்பில், கன்றைத் தேர்க்காலிற் கொன்ற அரசிளங்குமரனுக்கு மறையோர் விதித்த கழுவாயே போதும் என்று அமைச்சர் கூற, மனுநீதிச் சோழன் உடன்பட்டிலன். அக்கழுவாய் கன்றை இழந்த பசுவின் துயரை ஆற்றுமோ என்றும், பிறன் ஒருவன் கொன்றால் தண்டமும் தன் மகன் கொன்றால் கழுவாயும் என்பது முறையோ என்றும் வினவினான். வல்லார் தம்மவர்க்குத் தாமே மன்னிப்பு வழங்கிக் கொள்ளுதலும், இழந்தாரைக் கேளாமல் இழப்பித்தானைத் தூயன் என்றலும் கழுவாய் ஆகா என்பதற்கு இதனினும் வலிய உரை வேண்டா.

மற்றையது மெய்ப்பொருள் நாயனார் புராணம். தவவேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை நாயனார் பகைத்திலர். தம் ஏவலனாகிய தத்தனைத் தடுத்து, அவனை ஊறின்றி எல்லை கடத்திவிடப் பணித்தார். முத்தநாதன் திருந்தினான் என்று சேக்கிழார் கூறவில்லை. நாயனார் பொறுத்ததும் அவன் திருந்துவான் என்று கருதியன்று. அவன் பூண்ட வேடத்தைக் கருதியே. இதனால் அறியப்படுவது, தீங்குற்றவர் தாமே அளிக்கும் பொறை எந்நிலையிலும் எழலாம். அதற்கு எல்லை கட்டுதல் இயலாது. ஆயின் அதனை அவரிடம் கேட்டு வாங்குதற்கோ, அவர்க்காகப் பிறர் அளித்தற்கோ உரிமை யாருக்கும் இல்லை. நாயனார் தம்மேற் பட்ட வாளைப் பொறுத்தார்; தம் குடிகள்மேற் பட்ட வாளைப் பொறுத்தார் என்று நூல் கூறவில்லை.

ஆகவே பொறை மூன்று வகைப்படும். தீங்குற்றவர் பொறை ஒன்று, அது கொடை. அரசின் பொறை ஒன்று. அது முறைக்கு உட்பட்டது. இறைவன் பொறை ஒன்று. அஃது உயிரின் பரிபாகத்தை அறிந்து வருவது. ஒன்றை மற்றொன்றன் இடத்தில் வைத்தலே பிழை. மாபாதகந் தீர்த்த படலம் மூன்றாவதைக் கூறுவது. அதனை மேற்கோள் காட்டிக் கொலைஞனைத் தண்டியாது விடுக என்று அரசைக் கேட்டலும் தவறு. அரசு தண்டித்தமையால் அவ்வுயிர்க்கு இனி உய்வில்லை என்று முடித்தலும் தவறு.

இந்நாளைய நீதிமன்றங்களும் இவ்வினாவை எதிர்கொண்டே நிற்கின்றன. 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மரண தண்டனை அரிதினும் அரிதாகிய வழக்குகளில் மட்டுமே விதிக்கப்படுதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குற்றத்தின் கொடுமையோடு குற்றவாளியின் நிலையையும், அவன் திருந்தி வாழக்கூடுமோ என்பதையும் நோக்குதல் வேண்டும் என்றது. அரசமைப்புச் சட்டத்தின் 72, 161ஆம் உறுப்புக்கள் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் தண்டனையைக் குறைக்கவும் நீக்கவும் அதிகாரம் அளிக்கின்றன. குற்றத்தின் அளவொன்றே முடிவைத் துணியாது என்னும் இக்கருத்தை நாம் இரு படலங்களின் வேறுபாட்டிற் கண்டோம். செய்யாதவன் தூக்கிலிடப்பட்டால் மீட்க வழியில்லை என்னும் அச்சத்தைப் பழியஞ்சின படலம் முன்னரே நம் உள்ளத்தில் விதைத்துவிட்டது. குலோத்துங்கனுக்குக் காலதூதர் உரை கேட்டது. நம் நீதிபதிகளுக்கு அது கேளாது.

இப்படலத்திற் குறையே இல்லை என்பது எமது கருத்தன்று. கொலையுண்ட தந்தை கதையின் பிற்பகுதியிற் பெரிதும் பேசப்படவில்லை. கவரப்பட்ட தாயின் முடிவும் நம் மனத்தில் வினாவாகவே நிற்கின்றது. பாதகனது உள்ளம் படிப்படியாக மாறியவாற்றையும் புலவர் விரித்துக் காட்டினாரல்லர். அவன் செய்த பணிகளையே காட்டினார். பின்னையதைக் குறை என்பதினும் அடக்கம் என்றல் பொருந்தும். ஒருவன் உள்ளம் மாறியதென்று அறிய வல்லவன் இறைவன் ஒருவனே. நமக்குப் புலனாவது, நாள்தோறும் அவன் கை என் செய்கின்றது என்பதே. முன்னையதோ உண்மையாகவே குறை. இழந்தாரை மறந்துவிட்டுத் திருந்தினவனைப் போற்றும் மனநிலைக்கு அஃது இடந்தருகின்றது. அக்குறையை மனுநீதிச் சோழன் கேட்ட வினாவைக் கொண்டு நிரப்பிப் படித்தல் நம் கடன்.

இங்ஙனம் படிப்பார்க்கு இப்படலம் கூசிக் கடக்கத்தக்கதாகத் தோன்றாது. உண்மை தெளிதல் முதலாவது. தீங்குறுவாரைக் காத்தல் இரண்டாவது. அதன்பின்னரே தீங்கு செய்தானுக்குக் கழுவாய். இவ்வொழுங்கு பிறழாதவழி, எத்துணைப் பெரிய பாதகனுக்கும் கதவு அடைக்கப்படவில்லை என்று சொல்லச் சைவர் நாணவேண்டுவதில்லை. கதவு திறந்திருக்கின்றது, ஆயின் அதனுள் நடந்து புகுதல் இயலாது, உருண்டே புகுதல் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுக.